தையல் மெஷின் மாடியேறிய மாலை

பெட்ரோமாக்ஸ் மாதிரியான காற்றழுத்த விளக்குகளைச் சேகரிப்பது என் பைத்தியம். அவற்றில் எரியும் நிலையில் இருந்தது ஒன்றுதான்; அது அமெரிக்காவில் ஆமிஷ் மக்களின் வீடுகளுக்கென்றே செய்தது. வீட்டுக்குள் கரண்ட் கம்பியே இழுக்காதவர்கள் அவர்கள். ஆசையாக வாங்கியும் நான் அதை ஏற்றவே இல்லை. அதற்குப் பொருந்தும் மேண்டில், அதாவது சூடேறி ஒளிரும் வலைத்துணி, ஒன்றுதான் இருந்தது. ஒருமுறை எரிந்துவிட்டால் அந்த வலை வெறும் சாம்பல். லேசாக இடித்தாலே உதிர்ந்துவிடும்.

போன ஐப்பசி மழையில் மயிலாடுதுறையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம், கீழ்வீட்டில் தையல் தைக்கும் மும்தாஜ் அக்கா படியேறி வந்தார். மறுநாள் காலை ஒரு நிக்காஹ்; கல்யாணப்பெண்ணின் ரவிக்கை பாதியில் நின்றது.

“தம்பி, அந்த அமெரிக்கா லைட்டக் கொஞ்சம் குடுங்க. செல்போன் வெளிச்சத்துல கறுப்பும் நீலமும் ஒண்ணாத் தெரியுது.”

“தூக்கிட்டுப் படி இறங்குனா மேண்டில் உதிர்ந்துடும்க்கா.” இன்னும் எரியாத மேண்டில் அப்படி உதிராது; ஆனாலும் தட்டிக்கழிக்க அது போதும் என்று நினைத்தேன்.

“அவ்வளவுதானே? அது அங்கேயே இருக்கட்டும்.”

சற்று நேரத்தில் அக்காவும் அவர் கணவரும் மிதி மெஷினை மூச்சுவாங்க மாடியேற்றிவிட்டார்கள். “தொரை எறங்க மாட்டாராம், நாமதான் வரணுமாம்,” என்று விளக்கைப் பார்த்துச் சிரித்தார் கணவர்.

வேறு வழியில்லாமல் பம்ப் அடித்து ஏற்றினேன். உஸ்ஸென்ற சத்தத்தோடு அறை பகலானது. கடைசிக் கொக்கிவரை அக்கா தைத்து முடித்தார். மெஷினை இறக்க நானும் ஒரு கை கொடுத்தேன். நான் பிடித்த பக்கம்தான் விளக்கு இருந்த மேசையில் இடித்தது. மேண்டில் உதிர்ந்தது, அவசரமாக விளக்கை அணைத்தேன்.

“அய்யோ தம்பி!”

“பரவால்லக்கா. தச்சாச்சுல்ல?”

அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சேகரிப்பைப் பார்க்க வருபவர்களிடம் இப்போது அதை அமெரிக்க விளக்கு என்று சொல்வதில்லை. கல்யாண ரவிக்கை தைத்த விளக்கு என்கிறேன்.