கரை நாடா போடும் கை

சேவூரில் தசரதனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "கோர்வைக்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆரணிப் பக்கம் பட்டு நெய்கிறவர்களுக்குள் கோர்வை நெய்கிறவருக்கு ஒரு மிதப்பு உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் அந்தப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழியில் கால் விட்டு உட்கார்ந்து உடலை நெய்வார். பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவை, அதாவது கரைக்கான நூல் சுற்றிய சின்னக் கட்டையை, தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி ஒரே வீட்டுக்கு வந்து சேரும். தனியாளாக நெய்கிற சாதாப் புடவைக்கு அதில் பாதிகூடத் தேறாது.

தசரதனுக்குக் கரை நாடா போட்டவள் மனைவி கெங்கம்மாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு முட்டி தேய்ந்து, தரையில் உட்கார முடியாமல் போனது. மகள் சத்யப்ரியா அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். நானூற்று அறுபத்தொரு மார்க். கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து, பிள்ளையை மேலே படிக்க வையுங்கள் என்றார்.

"ஒரு வருசம் போவட்டும் டீச்சர். தறி நின்னுடும்" என்றார் தசரதன்.

அந்த ஒரு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை.

அடுத்த வீடு அவருடைய தம்பி அருணாச்சலத்தின் வீடு. ஒரே அப்பா, ஒரே மாதிரி தறி. அவன் மனைவி பாஞ்சாலைக்கும் இடுப்பு போனது, அதே காலத்தில்தான். அவன் மகளைத் தறியில் உட்கார வைக்கவில்லை. தறியில் ஏற்ற முதலாளி கொடுத்திருந்த கோர்வைப் பாவு நூலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாகச் சாதாப் புடவை நெய்தான். மூன்று வேளையும் ரேஷன் அரிசிதான். "என் தம்பி தறியில இனி மாடு கட்டலாம்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தவர் தசரதன். இன்றைக்கு அந்த மகள் எழிலரசிக்கு வேலூரில் பேங்க் உத்தியோகம். தம்பி வீட்டுக்கு மாடி வந்துவிட்டது. பாஞ்சாலையின் அண்ணன் சென்னையில் இருந்து ஃபீஸ் கட்டினான், தசரதனுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோர்வைக்காரர் என்ற வீம்பும் இருந்ததே, அதை யார் தலையில் கட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பார்த்திபனும் கோர்வை நெய்கிறவன்தான். கேசரி சாப்பிட்டு முடித்ததும் அவனுடைய அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பொண்ணு கரை நாடா நல்லா போடுமாமே? கொஞ்சம் தறியில உக்காரச் சொல்லுங்களேன். எனக்குத் தோளு தூக்க முடியலங்க. வர்றவ உக்காந்தாத்தான் எங்க வூட்ல கோர்வை ஓடும்."

அவள் கெட்டவள் இல்லை. தசரதன் அன்றைக்குச் செய்ததைத்தான் அவளும் செய்தாள், கொஞ்சம் வெளிப்படையாக.

சத்யப்ரியா தலையில் பூவோடு, கட்டியிருந்த புடவையோடு, தறி ஓரம் போய் உட்கார்ந்தாள். தசரதன் குழியில் இறங்கினார். அப்பாவும் மகளும் நாலு விரற்கடை நெய்து காட்டினார்கள். ஒரு இழை பிசகவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அடுத்த முகூர்த்தத்துலயே தட்டு மாத்திக்கலாம்" என்றாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, தசரதனுக்கு அந்த நிலைமைதான். மகள் போனால் தன் தறி சாதாவுக்கு இறங்கும், பாதிக் கூலியில் கெங்கம்மாளின் மருந்துக்குக்கூடக் காணாது. போகிற இடத்திலாவது அவள் நிமிர்ந்து உட்காருவாளா என்றால், அங்கேயும் இதே குனிந்த முதுகு, இதே நாடா. ஜாடை காட்டி மகளைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போனார்.

"வேணாம்னு சொல்லிடறேன்மா. அங்கயும் தறிதான். உன்னை ஆளா நெனச்சிக் கேக்கல அவங்கோ, கையைக் கேக்கறாங்கோ."

"இங்க மட்டும் இன்னாவாம்?"

தசரதன் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு இருபத்தெட்டு ஆவுது. எழிலு லீவுக்கு வரும்போதெல்லாம் நான் தறிய வுட்டு எழுந்திருக்கறதில்ல, தெரியுமா? அவ மூஞ்சப் பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. நீ வேணாம்னு சொல்லப் போறது எனக்காவவா, தறிக்காவவா? அத மட்டும் சொல்லுப்பா."

உனக்காகத்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். குலதெய்வத்தின் மேல் சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தார்.

"பாவுல இன்னும் ரெண்டு பொடவ இருக்குதேம்மா" என்று வந்தது வாயில்.

"அத முடிச்சிக் குடுத்துட்டே போறேன்" என்றாள். உள்ளே போய், மாப்பிள்ளையின் அம்மாவிடம் தானே சம்மதம் சொன்னாள்.

தசரதன் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் சத்யப்ரியா தறி ஓரம் வந்து உட்கார்ந்து, கரை நாடாவைக் கையில் எடுத்தாள். இரண்டு புடவை முடிய எப்படியும் இருபது நாள் ஆகும். முப்பது வருஷமாக ஜல்தி, ஜல்தி என்று மற்றவர்களை விரட்டிய தசரதன், அன்றைக்குத்தான் முதல் முறையாக மெதுவாக நெய்தார்.