மருமகள் வராத வீடு

பேய்ப் படம் பார்க்கும்போது பிரஷாந்தி அக்கா கண்ணை மூடுவதில்லை. காதைத்தான் பொத்திக்கொள்வார். "பயமில்ல கா, சத்தம்தான் தாங்க ஏலாது. பயப்படுத்தத் தெரியாத ஆக்கள்தான் கதவைப் படார் படார் எண்டு சாத்துறது" என்பார் என்னிடம். எங்கள் பக்கத்தில் பெண்களைக் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். திரையில் வெள்ளைச் சேலை தெரிந்ததும் தியேட்டரே கத்தும். அவர் பற்றிஸைக் கடித்தபடி, "இந்தச் சேலைக்கு ஆர் கஞ்சி போட்டது? செத்த பிறகும் மடிப்புக் கலையல்லையே" என்று கேட்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அவர் அடுத்த கடியைக் கடிப்பார்.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு அவருடையது. நாற்பதை நெருங்கும் வயது. காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறார். கணவர் விஜிதரன் போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. புதிதாக ஒரு மர்மப் படமோ பேய்ப் படமோ வந்தால், அந்த ஞாயிறு பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் மத்தியானக் காட்சி பார்ப்பார். புருஷனை இழந்தவள் மயில்நீலச் சேலை கட்டிக்கொண்டு தனியாகப் படத்துக்குப் போவதா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். "தனியாப் போறதுதான் பிழையெண்டால் நீங்களும் வாங்க" என்றார். யாரும் வரவில்லை. நான் போனேன். தியேட்டருக்கு வராத ஆங்கிலப் படங்களை என் மடிக்கணினியில் பார்ப்போம். அவற்றுக்கு அர்த்தம் சொல்வது என் வேலை. பெரும்பாலும் நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிடும்.

அவருடைய அபிப்பிராயங்களில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மர்மப் படத்தின் கடைசியில் ஒருவர் நின்று எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினால், "அப்ப இவ்வளவு நேரமும் என்னத்தைக் காட்டினவன்?" என்று எழும்பிவிடுவார். கொலைகாரன் மனநோயாளி என்று முடித்தால் இன்னும் கோபம் வரும். "கெட்டவனுக்கு ஒரு காரணம் யோசிக்கப் பஞ்சி, சோம்பேறித்தனம். வருத்தக்காரன்ட தலையில போட்டுட்டு வீட்ட போறது."

அவருக்குப் பிடித்தவை பழைய பங்களாப் படங்கள். மழை, நீண்ட விறாந்தை, பூட்டிய அறை, தனியாக ஒரு பெண். "இதுகள்ல பேயைப் பாக்காத கா. வீடு ஆருக்குச் சேரப்போகுதெண்டு பார். வீட்டுக்கு ஆசைப்படுறவன்ட பக்கத்திலதான் பேய் நிக்கும்" என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். பலமுறை பார்த்துவிட்டேன், அவர் சொன்னது பிழையாகப் போனதில்லை.

ஆனால் அந்தப் படங்களிலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. எல்லாவற்றிலும் புதுமணப் பெண் காரில் வந்து புருஷனுடைய பழைய வீட்டு வாசலில் இறங்குகிறாள். "ஏன் கா எல்லாரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போறாளுகள்? இவளுகளுக்கு வீடில்லையா?" எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள், இல்லையென்றால் ஒன்றைக் கட்டிக் கொடுப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். விஜிதரன் அண்ணா கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாக வந்தாராம். வயல்காரர். வாவித் தண்ணீர் பின்வேலியில் அடிக்கும் சத்தத்துக்கு முதல் வாரம் முழுக்க நித்திரை இல்லையாம். "இஞ்ச பேய்ப்படம் எடுக்கிறதெண்டால் மாப்பிள்ளைதான் வந்திறங்கிப் பயப்பட வேணும்" என்று சொல்லி அக்கா சிரிப்பார்.

அந்த வாவியால்தான் தொல்லை வந்தது. தண்ணீரோரத்தில் சுற்றுலா விடுதி கட்ட, கொழும்பிலிருந்து ஒருவர் வளவைக் கேட்டார். அந்தப் பேச்சைக் கொண்டுவந்தது அக்காவின் தம்பி நிதுர்ஷன். அவர் களுவாஞ்சிக்குடியில் மனைவியின் வீட்டில் இருக்கிறார். அக்கா மாட்டேன் என்றார். தம்பி திரும்பவும் கேட்டார். அக்கா திரும்பவும் மாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு கதை உலவத் தொடங்கியது. அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் பிள்ளை இல்லை, அதனால்தான் புருஷன் படுத்த இடத்திலேயே போனான், பின்னறையில் ஒரு பெண் அழுகிறாள். கறிவேப்பிலை கேட்டு வருபவர்கள் உள்ளே வராமல் வாசல் படலையோடு நின்றார்கள். முன்வீட்டுச் சீதேவிப்பிள்ளை மாமி அக்காவின் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நிறுத்தினார். அதுதான் அக்காவைச் சுட்டது.

"தம்பி என்னைத் தனிப்படுத்தி எழுப்பப் பாக்கிறான்" என்றார் என்னிடம். "எத்தனை படத்தில பாத்திருக்கிறம். நான் பிறந்த வீடு கா இது. எழும்ப மாட்டன்."

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிதுர்ஷன் வெளியூரிலிருந்து குறி சொல்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். வீட்டில் இருப்பது என்னவென்று ஊருக்கு முன்னால் தெரிந்தால் அக்கா தானாக வெளிக்கிடுவார் என்று நினைத்திருக்க வேண்டும். முற்றம் நிறைந்துவிட்டது. படலையோடு நின்றவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் கொளுத்தி, குறிகாரர் கண்ணை மூடினார்.

"ஒரு பொம்பிளை. கலியாணம் முடிச்சு இந்த வீட்டுக்கு வாழ வந்தவ. மாமியார் கொடுமை. பின்னறையில வச்சுப் பூட்டினதுகள். அதுக்குள்ளயே உசிர் போயிட்டு. அவ இருக்கிற வீட்டில இன்னொரு பொம்பிளை வாழ ஏலாது."

அந்தப் பூட்டிய அறை எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னர் நாங்கள் பார்த்த படத்தில் இருந்த அறை. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு மருமகளா வந்தவ?"

"இந்த வீட்டுக்குத்தானம்மா."

"மாமி, இஞ்ச வாங்க" என்று சீதேவிப்பிள்ளை மாமியைக் கூப்பிட்டார். "இந்த வளவுக்கு எப்பயாவது மருமகள் வந்திருக்கா?"

மாமி தாடையில் கைவைத்து யோசித்தார். "என்ட அறிவுக்கு இல்ல கா. இது உன்ட அம்மாக்கு அவட அம்மா குடுத்தது. உன்ட அப்பா வந்தார். விஜிதரன் வந்தான். வந்ததெல்லாம் மருமகன்மார்தானே?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. நிதுர்ஷன் பக்கம் கிறுகினார். "டேய் மனே, நீயும் பெண்சாதிட வீட்டிலதானே இருக்கிறாய்? உன்னையும் பின்னறையில பூட்டினதுகளா?"

முற்றம் சிரித்தது. குறிகாரர் ஒரு கண்ணைத் திறந்து நிதுர்ஷனைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் அக்கா, "அந்தப் படத்தை நானும் பாத்தன். நீ பாதியில நித்திரை கொண்டுட்டியா? முழுசாப் பாத்திருந்தால் கடைசியில வீடு ஆருக்குப் போச்செண்டு தெரிஞ்சிருக்கும்."

"அக்கா, சனத்துக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்தாதீங்க. உங்கட நன்மைக்குத்தான் சொல்றன்."

"நன்மைக்கெண்டால் கிணத்துக்கட்டு இடிஞ்சு கிடக்கு. அதைக் கட்டித் தா."

"அத்தான் செத்த வீட்டில தனியக் கிடந்து என்ன செய்யப் போறீங்க?"

சிரிப்பு நின்றது. அக்காவின் குரல் உயரவில்லை. "ஓம், பின்னறையிலதான் அவர் செத்தார். என்ட மடியில தலை வச்சுத்தான். அதுக்காக அது கெட்ட அறையா? இந்த வீட்டுக்குப் பேயெண்டு ஒண்டு வாறதெண்டால் அவர்தான் வர வேணும். வரட்டும். அவருக்காகத்தான் யன்னலைப் பூட்டாமல் வச்சிருக்கன்."

குறிகாரர் எலுமிச்சம்பழங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

நிதுர்ஷன் அத்தோடு விடவில்லை. அடுத்த கிழமை கொழும்புக்காரரையே வான் வண்டியில் கூட்டிவந்தார், நேரில் பேசினால் அக்கா மசிவார் என்று. கொழும்புக்காரர் வாவியைப் பார்த்தார், தென்னைகளைப் பார்த்தார். பிறகு தயங்கி, "வாற வழியில தேத்தண்ணிக் கடையில ஒரு கதை சொன்னாங்க. இந்த வீட்டில ஏதோ..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் சும்மா கதை சேர்" என்று நிதுர்ஷன் முந்திக்கொண்டார்.

"சும்மா கதையா?" என்றார் அக்கா. "ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நீதானே மனே. ஆளையும் கூட்டி வந்து காட்டினாய்." பிறகு கொழும்புக்காரரிடம் திரும்பினார். "ஓம் ஐயா, இருக்கு. வீட்டை விக்க விடாது. எத்தனை மாடி கட்டினாலும் போகாது."

சொல்லும்போது அவர் சிரிக்கவே இல்லை. கொழும்புக்காரர் ஆவியைக் கண்டு பயந்தாரோ அக்காவைக் கண்டு பயந்தாரோ, எனக்குத் தெரியாது. வான் கிறுகிப் போய்விட்டது. தம்பி அன்றிலிருந்து கதைப்பதில்லை. கேட்பவர்களிடம், "கிணத்துக்கட்டு இன்னும் இடிஞ்சுதான் கிடக்கு, கதைக்க வரட்டும்" என்கிறார் அக்கா.

வான் போன அடுத்த நாளே மாமி வாளியோடு வந்தார். "தண்ணி அள்ளப் போறன் கா, உன்ட பேயிட்டச் சொல்லிவை" என்றார். அடுத்த படத்துக்கு நாங்கள் பஸ்சுக்கு நின்றபோது மாமியும் வந்து நின்றார். நல்ல சேலை, தலையில் பூ.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. மழை பெய்தது. பழைய பங்களாவின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. புதுமணப் பெண் காலைக் கீழே வைக்கவும், மாமி உரத்துக் கேட்டார்:

"இவளுக்குத் தாய் ஒரு வீடு குடுக்கல்லையா கா?"

முன்வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். பிரஷாந்தி அக்கா மாமியிடம் ஒரு பற்றிஸை நீட்டினார்.