எதுவும் கெடாத வீடு

அபுதாபிக்குக் குடிவந்த முதல் வாரமே குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. தண்ணீரை அடைத்துவிட்டு நானே வாஷர் மாற்றிவிடலாம் என்று வால்வைத் தேடிக் கீழே போனேன். காவலாளி ஓடிவந்து மறித்தார். இங்கே அவர்களை நாத்தூர் என்பார்கள். இவர் பெஷாவர் பக்கத்துப் பெரியவர். தலையை ஆட்டி, மூன்று பிரதிகள் கொண்ட ஒரு ஃபாரத்தை என் கையில் திணித்தார். இரண்டு நாள் கழித்து ஒரே நிறச் சட்டையில் இருவர் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். என் வீட்டுக் குழாயைத் தொட எனக்கே அனுமதியில்லை என்பது புது அனுபவமாக இருந்தது.

ஷார்ஜாவில் வேலை பார்ப்பது நல்லதா, அபுதாபியில் பார்ப்பது நல்லதா என்று திருச்சியிலிருந்து என் மைத்துனன் எழுதிக் கேட்டிருக்கிறான். அவனைப் போல இன்னும் பலர் கேட்கிறார்கள். ஏழு அமீரகங்களும் ஒரே கொடியின் கீழ் வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. ஒன்றில் வாழ்வதுபோல் இன்னொன்றில் வாழ முடியாது. நான் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடுகிறவன். ஷார்ஜாவில் நான்கு வருடம், அபுதாபியில் ஒரு வருடம் இருந்தாயிற்று. ஒப்பிட்டுச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

அபுதாபியில் சம்பளம் அதிகம். வாடகையோ அதைவிட அதிகம். கம்பெனி ஃபிளாட் கொடுத்தால் மட்டும் குடும்பத்தோடு வரலாம். இருபத்து நான்கு மணி நேரமும் நல்ல தண்ணீர், நிற்காத ஏசி, மகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஷார்ஜாவில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆகஸ்டு மாதத்தில் கரண்ட் போனால் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் பாதி வாடகை, துபாய் சந்தை கூப்பிடு தூரம், பம்பாய்க் கப்பல் வந்த மறுநாளே முருங்கைக்காய். இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். என் எஸ்டிமேட்டில் விட்டுப்போன ஓர் ஐட்டத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு சைட்டை அளக்கப் போனபோது மூன்று தமிழர்களைச் சந்தித்தேன். அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரே ஊர்க்காரர்கள். முருகேசன் தச்சர், ராசு கொத்தனார், சண்முகம் பிளம்பர். தொழிலாளர் கேம்ப்பில் தினமும் ரொட்டியும் பருப்பும்தான் என்றார்கள். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தவர்கள், இலை போட்டும் உட்காரவில்லை. முருகேசன்தான் வாயைத் திறந்தார்.

"கை நனைக்கிறதுக்கு முன்னாடி ஏதாச்சும் வேலை குடுங்கண்ணே. இல்லேன்னா சோறு எறங்காது."

என்ன சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் ஒன்று சரியானது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் அடுப்படி மேடை, துணி துவைக்கும் கல், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி என்று வேலை வளர்ந்தது. சைட்டில் மிஞ்சிய உடைந்த டைல்ஸைக் கேட்டு வாங்கிவந்து ராசு போட்ட அடுப்படித் தரை மாதிரி அந்தத் தெருவிலேயே யார் வீட்டிலும் இல்லை. வீட்டுக்கார அரபி ஒருநாள் வந்து பார்த்து, இந்த வேலைக்கு என்ன கூலி கொடுத்தாய் என்று இந்தியில் கேட்டார். சாப்பாடு என்றேன். வாடகையை ஏற்றிவிடுவார் என்று பயந்து பொய் சொல்கிறேன் என நினைத்திருப்பார் போலும், வெகுநேரம் சிரித்தார். அவர் நம்பாததில் எனக்குக் கோபமில்லை, பெருமைதான். ஓசியில் ஒரு வாய் சாப்பிடக் கூசுகிறவர்கள் நம்மூர்க்காரர்கள்!

மகளின் படிப்புக்காக அபுதாபி வேலையை ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து மூவரும் மூன்று மணி நேரம் டாக்ஸியில் இடித்துப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார்கள். கையில் ஷார்ஜா வீட்டுக்குக் கொண்டுவரும் அதே கருவிப்பை. வேலைக்கு ஆள் கொண்டுவரக் கூடாது என்று நாத்தூர் வழிமறித்தார். விருந்தாளிகள் என்றேன். சுத்தியலோடு வரும் விருந்தாளிகளை அவர் பார்த்ததில்லையாம், முணுமுணுத்துக்கொண்டே விட்டார்.

மேலே வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சண்முகம் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார். ராசு சுவரைத் தட்டினார். எதுவும் கெட்டிருக்கவில்லை. "நல்ல வீடுண்ணே" என்று முருகேசன் சொன்ன குரல் துக்கம் விசாரிக்க வந்தவர் குரல்போல இருந்தது. இலையில் உட்கார்ந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். கருவிப்பை வாசலில் அப்படியே கிடந்தது. இந்தச் சாப்பாட்டோடு இவர்கள் உறவு முடிந்தது, இனி வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரசம் எடுத்துவரப் போன என் மனைவி செண்பகம் ஏனோ அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். சற்று நேரம் கழித்துத் தலையை நீட்டி, "தம்பி, இந்தக் கதவு சரியா நிக்கல, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்றாள்.

முருகேசன் கையை உதறிக்கொண்டு எழுந்தார். கதவின் கீழ்க் கீலில் ஒரு திருகாணியும் இல்லை. துளைகளைச் சுற்றிக் கத்தி முனை கீறிய புதுத் தடம் எனக்கே தெரிந்தது. தச்சருக்குத் தெரியாமலா இருக்கும்? செண்பகத்தின் இடது கை முந்தானைக்குள் மூடியிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பையைத் திறந்து நான்கு பித்தளைத் திருகாணிகளை எடுத்து முறுக்கி, கதவை இரண்டு தரம் திறந்து மூடினார்.

"கம்பெனி ஸ்குரு குட்டைண்ணி, நிக்காது. நம்ம ஸ்குரு போட்டுட்டேன்."

பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூவரும் இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மைத்துனனுக்கு என் பதில் இதுதான். அபுதாபிக்கே வா, வசதி இங்கேதான். ஆனால் ஒரு ஸ்குரு டிரைவரை மறக்காமல் கொண்டுவா. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் வருகிறார்கள். அதற்கு முந்தின மாலை செண்பகம் வீட்டைச் சுற்றிவந்து எதைக் கெடுக்கலாம் என்று தேடுகிறாள். இந்த வாரம் மகளின் மேசை ஒரு காலில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அடுப்படிக் கதவு மட்டும் அன்று நின்றபடியே நிற்கிறது, மேலே அபுதாபிக் கம்பெனியின் திருகாணி, கீழே அறந்தாங்கி முருகேசனின் திருகாணி.