அது வேற சாதி, டீச்சர்

போன கோடையில் தேவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலில் செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். எருவுக்காக என் கணவர்தான் கூப்பிட்டார். அந்த மந்தையில் ஒரு சினையாடு ஓயாமல் தென்னையில் உரசிக்கொண்டே இருந்தது. முதுகில் முடி இல்லை, நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது. வரப்போரமாகக் குட்டி போட்டது. விழுந்த நஞ்சுக்கொடியை யாரும் புதைக்கவில்லை. மறுநாள் அந்த இடத்தில்தான் என் சினை வெள்ளாடு மேய்ந்தது.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். அந்த உரசலும் தள்ளாட்டமும் பாடத்தில் படித்ததை நினைவூட்டின. ஸ்கிரேப்பி என்று ஒரு நோய். வழக்கமான கிருமி எதுவும் இல்லாமல், மூளையில் உள்ள ஒரு புரதம் கோணலாக மடங்கி, பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கிவிடும். மருந்து கிடையாது. நஞ்சுக்கொடி வழியாகப் பரவும், மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும்.

என் ஆட்டுக்கும் ஒட்டிவிடுமோ என்று கிடைக்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.

"செம்மறிக்கு வந்தது வெள்ளாட்டுக்கு எங்கிட்டு ஒட்டும்? அது வேற சாதி, டீச்சர்."

சாதி வேறென்றால் எதுவும் ஒட்டாது என்று நம்புவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. இந்த நோய் புரதத்தின் சாயலைத்தான் பார்க்கும். மாட்டுக்குத் தாவத் திணறும், வெள்ளாட்டுக்கு அவ்வளவாகத் திணறாது. இரண்டும் அத்தனை நெருக்கம். மறுநாள் அந்தச் செம்மறி மந்தையில் இல்லை. விற்றாகிவிட்டதாம். அப்படி என்ன அவசரம்?

நான் சொன்னதைக் கேட்ட கால்நடை மருத்துவர், "சொறியாத்தான் இருக்கும். நம்ம பக்கம் அந்த நோய நான் பார்த்ததில்ல" என்றார். அடித்துச் சொல்ல முடியுமா என்றேன். "செத்த பெறகு மூளைய அறுத்துப் பார்த்தாத்தான் அடிச்சுச் சொல்லலாம்." எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் ஏறியது.

"டாக்டரே சொல்லிட்டாகல்ல? ஒன் பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க" என்று கணவர் எரிந்து விழுந்தார்.

நான் கேட்கவில்லை. என் ஆடு குட்டி போட்டதும், அது நக்குவதற்குள் குட்டியைத் தூக்கிச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுக்குப் பின்னால் கட்டி, புட்டிப்பால் கொடுத்தேன். குட்டியையாவது காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சில நாளில் ஆடு கொட்டகைக் கதவில் தலையை உரச ஆரம்பித்தது. நெற்றி முடி உதிர்ந்து தோல் சிவந்தது. இந்த நோய் தலைகாட்ட வருடங்கள் ஆகும் என்று வகுப்பில் நடத்தியவளே நான்தான். பயத்தில் அது மறந்துபோயிற்று.

"ஆரம்பிச்சிருச்சு, பாருங்க!" என்று கத்தினேன்.

கணவர் பார்த்தார். "அரிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது குட்டியக் கேக்குது" என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஆடு பின்பக்கம் ஓடியது. குட்டி துள்ளிக்கொண்டு மடிக்கு வந்தது. ஆடு தன் வாசனையைத் தேடி அதை மோந்து பார்த்தது, திரும்பவும் மோந்தது, பிறகு முட்டித் தள்ளியது.