வடைமாலை போட்ட காட்டுத் தேவன்

அந்தச் சிலையை வைரவர் என்று முதலில் சொன்னவள் நான்தான். பழியை என் கணவர் தலையில் போட எவ்வளவோ முயன்றுவிட்டேன், மனுசன் அசைவதாயில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். இத்தாலியில், பகேரியா என்ற ஊரில் ஒரு பழைய வில்லாவுக்கு நாங்கள் இருவரும் காவல். சொந்தக்கார அம்மா, நாங்கள் சினியோரா என்று கூப்பிடுகிறவர், பக்கத்துப் பட்டணமான பலேர்மோவில், லிபெர்த்தாத் தெருப் பக்கம் இருந்தார், நினைத்தால் வருவார். தோட்டத்து மூலையில், பெரிய மரத்தின் கீழ், இடுப்புவரை கொடி மூடிய கல் உருவம் ஒன்று நின்றது. உருட்டு விழி, விரிந்த சடை, உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. கையில் முறிந்த தடி, பக்கத்தில் தலை போன ஏதோ மிருகம். தாடிதான் கொஞ்சம் இடித்தது. வெளிநாட்டு வைரவர், அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

"இஞ்சை பாருங்கோ, சூலமும் நாயும்! வைரவரப்பா!"

"வெள்ளைக்காரன்ரை தோட்டத்திலை வைரவருக்கு என்ன வேலை?" என்று சிரித்தவர், அடுத்த வெள்ளியே கற்பூரம் வாங்கி வந்தார்.

சிரிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை. இரண்டு தரம் வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தரித்ததும் அந்தக் கல்லின் முன்னால் நேர்த்தி வைத்தேன்: மூன்று மாதம் தாண்டட்டும், வடைமாலை சாத்துகிறேன். ஊருக்குக்கூட அறிவிக்கவில்லை. மறுபடியும் போய்விட்டால் யார் முகத்தில் விழிப்பது?

குளிர் போய் மரங்கள் துளிர்த்தன, பிள்ளையும் தங்கியது. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை உளுந்து அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, வடை சுட்டுக் கோத்தேன். என் கணவர் உருவத்தின் இடுப்பில் சிவப்புத் துண்டைச் சுற்றி, மாலையைக் கழுத்தில் போட்டார். கற்பூரம் அணையவில்லை, வாசலில் கார்ச் சத்தம். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த சினியோரா, ஒரு பட்டாளம் விருந்தாளிகளோடு வந்து இறங்கினார்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! ஒருத்தி துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள், ஒருவர் வடையை முகர்ந்தார். கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருவர்தான் விளக்கம் சொன்னார். இது காட்டுத் தேவனாம். குளிர்காலத்தில் காடு செத்துப்போகும், வசந்தத்தில் இவன் குழலூத எல்லாம் மறுபடி உயிர்க்கும் என்று கிறிஸ்துவுக்கு முந்தின சனங்கள் நம்பினார்களாம். ஆள் பெருங்குடிகாரன், பெண்களைத் துரத்துகிறவன். சொல்லிக்கொண்டே கீழே இருந்த கொடியை விலக்கினார். தொடையெல்லாம் மயிர். பாதம் இல்லை, ஆட்டுக் குளம்பு.

எனக்கு உடம்பு கூசியது. என் பிள்ளையைக் கொண்டுபோய் யாரிடம் ஒப்படைத்திருக்கிறேன்?

"அதை எடுத்துவிடு, இங்கேதான் மேசை போடவேண்டும்," என்றார் சினியோரா.

"மானம் போகுதப்பா, கழட்டுவம்," என்று என் கணவர் மாலையில் கை வைத்தார்.

"தொடாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். சாத்தியதைப் பொழுதுபடமுன் கழற்றினால் நேர்த்தி என்னாவது? குளம்போ பாதமோ, வாக்குக் கொடுத்தது இவருக்குத்தானே.

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். தெரிந்த கொஞ்ச இத்தாலியமும் நாக்கில் வரவில்லை. வயிற்றில் கையை வைத்துக் காட்டினேன். பிறகு இரண்டு விரல்களைக் காட்டி, நிலத்தைக் காட்டினேன். பெற்ற தாய்க்கே சொல்லாததை, வைன் கிளாசோடு நின்ற அன்னியருக்கு ஊமைக்கூத்தாக ஆடிக் காட்டினேன். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

சிரிப்பு நின்றது. சினியோரா தன் கிளாசிலிருந்த வைனைக் குளம்படியில் ஊற்றினார். "இவனுக்கு இதுதான் பிடிக்கும்," என்றார். மேசையை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். வடைமாலை இருட்டும்வரை அப்படியே கிடந்தது.

ஒலிவ் பறிக்கிற காலத்தில் மகள் பிறந்தாள். சினியோரா பூக்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை மெல்ல விலக்கிக் கால்களைப் பார்த்து, "நல்லகாலம், குளம்பு இல்லை," என்று கண்ணைச் சிமிட்டினார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. பிரசவ அறையில், ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல், தாதியிடம் நான் முதலில் காட்டச் சொன்னதும் அந்தக் கால்களைத்தான்.