மணல் போடாத இருபதடி

அஸ்ஸுவின் நாள் ஒரு கயிற்றில் தொடங்கும். முனையில் இரும்புக் குண்டு, முழத்துக்கொரு முடிச்சு. கரை உச்சியில் நட்ட குழாய்க்குள் அதை விட்டு, குண்டு தண்ணீரைத் தொடும் சத்தம் வரும்வரை முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதுவார். பதினொன்று என்றால் தண்ணீர் கரையின் அடிவயிற்றில் கிடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் கரைக்குள் மேலேறி வருகிறது.

பிறகு அடிவாரத்துக்கு இறங்கி, கிழக்கு ஓரத்துக் கசிவைத் தேநீர்க் கிளாஸில் பிடித்து வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் வெறும் தண்ணீர். கலங்கியிருந்தால் கரையே கரைந்து வருகிறது.

ஈயச் சுரங்கத்தை மூடி ஆறு வருடம். கல்லை அரைத்து ஈயம் எடுத்தது போக மிஞ்சிய சாம்பல் நிறச் சேறு மட்டும், நாலு ஆள் உயர மண்கரைக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. எந்திரங்கள் லாரி ஏறின. கரையைக் கண்காணிக்க அஸ்ஸுவை மட்டும் கம்பெனி நிறுத்திக்கொள்ள, மற்ற ஆட்கள் கலைந்தார்கள். மனைவி தூதாவும் மகனோடு மெக்னெஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். "அந்தச் சேத்தையே கட்டிக்கிட்டு இரு" என்றாள் போகும்போது.

அவளிடமும் அஸ்ஸு சொல்லாதது ஒன்று இருந்தது. கரை கட்டும்போது அடியில் வடிகால் போட்டவர்களில் அவரும் ஒருவர். முதலில் மணல், அப்புறம் சரளை, கடைசியில் கல். அப்படிப் போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். கிழக்குக் கோடியில் இருபதடி பாக்கி இருந்தபோது மணல் தீர்ந்தது. மேஸ்திரிக்கு அவசரம். மணல் இல்லாமலே கல்லைக் கொட்டச் சொன்னார். கொட்டியது அஸ்ஸுவின் கை. அது தெரிந்த மற்றவர்கள் செத்தும் சிதறியும் போயாயிற்று. கரைக்கு நேர் கீழே பதினான்கு வீடுகள்.

இந்த வருடம் அயாஷி மலையில் பனி சீக்கிரமே உருகியது. முடிச்சு ஒன்பதானது. கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டார். "எழுதி வைங்க, ஆள் அனுப்புறோம்" என்றார்கள். செவ்வாய்ச் சந்தைக்குப் போய்த் திரும்பினால், குடிசை வாசலில் வழக்கம்போல ஊரார் வைத்துவிட்டுப் போன, துணி மூடிய சூடான ரொட்டி. கிழக்கு ஓரத்தில் கசிவைக் காணோம். வாய்க்கால் உடைந்தால் ஊரே திரண்டு அடைக்குமே, அதே மாதிரி களிமண்ணையும் சூரைமுள்ளையும் திணித்து மிதித்திருந்தார்கள். மிதிக்க ஆள் கூட்டியது ஹத்து. ஊருக்குத் தண்ணீர் முறை பிரிப்பவர், தூதாவின் அண்ணன்.

"உன் ஒழுகலுக்கு வைத்தியம் பாத்தாச்சு மச்சான். இனிமே அந்தக் கிளாஸ்ல டீ குடி."

"யாரக் கேட்டு அடைச்சீங்க?"

"வாய்க்கால் ஒழுகினா யாரக் கேட்டு அடைக்கிறோம்?"

"வாய்க்கால்ல அடைச்சா தண்ணி நேரா ஓடிரும். இது எங்க போகும்? உள்ளயே ஏறும்."

"ஏறட்டுமே. நிறுத்தி வைக்கத்தானே கரை?"

மறுநாள் காலை முடிச்சு ஏழு. அஸ்ஸு ஊருக்குள் இறங்கி, ரெண்டு நாள் எல்லோரும் மேட்டுக்குப் போங்கள், அடைப்பைப் பிரிக்கப் போகிறேன் என்றார். சிரித்தார்கள்.

"போன மழைக்கும் இப்படித்தான் ஏத்தி உக்கார வச்ச" என்றார் ஹத்து. "இப்ப ஆடுகூட உன்னப் பாத்தா மேட்டப் பாக்குது."

அஸ்ஸு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த எடத்துல அடியில மணல் இல்ல. கல்லக் கொட்டினவன் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

"எம் பிள்ளைங்க தல மாட்டுல நிக்குது இந்தக் கரை," என்றார் ஹத்து மெதுவாக. "இத்தன வருசம் எங்க ரொட்டியத் தின்னுக்கிட்டு, இத வாய்க்குள்ளயே வச்சிருந்தியா?"

மதியத்துக்குள் பதினான்கு வீடும் காலி. கோழிக்கூடு, கம்பளி, மாவுமூட்டையோடு எல்லோரும் எதிர்மேட்டில் உட்கார்ந்தார்கள். உதவிக்கு அஸ்ஸு யாரையும் கூப்பிடவில்லை. ஓடை மணலைக் கழுதைமேல் ஏற்றி வந்து குவித்தார். மொத்தமாகப் பிரித்தால் கரை வாயைப் பிளந்துவிடும். கையகலம் களிமண்ணைத் தோண்டுவார், தண்ணீர் பீறிடுமுன் அந்த இடத்தில் மணலை அமுக்குவார், மேலே சரளை, அதற்குமேல் கல். பிறகு அடுத்த கையகலம். சூரைமுள் விரல்களைக் கிழித்தது. கழுதைக்கு மட்டும் அவ்வப்போது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வந்த தண்ணீர் கலங்கல். இரண்டாம் நாள் மாலை கிளாஸில் அவர் விரல் அந்தப் பக்கம் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை முடிச்சு எட்டு. கரை உச்சியில் நின்று கையசைத்தார். ஜனங்கள் இறங்கினார்கள். பாதை அவர் குடிசையை உரசித்தான் போகிறது. கோழிகள் அவரைத் திரும்பிப் பார்த்தன. ஹத்து பார்க்கவில்லை.

அதன்பிறகு வாசலில் ரொட்டி வைக்கப்படவில்லை. ஆபீசிலிருந்து ஆளும் வரவில்லை.

பத்து நாள் கழித்து முடிச்சு பத்தைத் தொட்டது. "பத்து" என்று வாய்விட்டுச் சொன்னார். தூதாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நோட்டைப் பிரித்தார். ஆறு வருடமாக அதில் எண்கள் தவிர ஒரு சொல் கிடையாது. பத்துக்குக் கீழே முதல்முறையாக எழுதினார்: கிழக்கு ஓரம், இருபதடி, மணல் போட்டாயிற்று.

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தார். ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு என்பது இன்னும் கைக்குப் பிடிபடவில்லை.