ஒரு புள்ளி தள்ளும் அண்ணி

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி ஒரு புருவத்தை நகர்த்துவார். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் புருவத்தைச் சுற்றி ஒரு கட்டம் போடுவார். கட்டத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கோடு ஓடும். பிறகு அம்புக்குறி பட்டனில் ஒரே ஒரு தட்டு. புருவம் ஒரு புள்ளி மேலே போய் உட்காரும். எடுத்த இடத்தில் ஓட்டை விழுமே, அதைத் தோலின் நிறத்தால் அடைத்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். அதுவரை வீடே தீப்பிடித்தாலும் அவருக்குக் கேட்காது.

"ஒரு புள்ளிக்கா அண்ணி இவ்ளோ அமர்க்களம்?" என்று கேட்டால், "இப்பதான் முழிச்சிருக்கான். முன்னாடி பாரு, தூங்கி வழிஞ்சுட்டு இருந்தான்" என்பார். பார்த்தால், பாவி, உண்மையாகவே முழித்திருப்பான்.

செல்போன் கேம்களில் ஓடி, குதித்து, உதை வாங்கும் குட்டி மனிதர்களை வரைவது அவர் தொழில். எல்லாரும் சதுரப் புள்ளிகளால் ஆனவர்கள். நடக்க வைக்க வேண்டுமென்றால் அதே ஆளின் காலை மட்டும் கட்டம் போட்டு எடுத்து ஒரு படத்தில் முன்னே தள்ளுவார், அடுத்ததில் பின்னே தள்ளுவார். படங்களை வரிசையாக ஓடவிட்டால் ஆள் நடக்கிறான்.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. மேஜையில் தண்ணீர் டம்ளரை வைத்தால் ஒரு விரலால் லேசாகத் தள்ளி வைப்பார். ஆபீஸ் கிளம்பும் அண்ணனின் காலரையும் அப்படித்தான். சோபாவில் இடம் வேண்டுமென்றால், "ஒரு புள்ளி தள்ளிக்கோ" என்பார். நாத்தனார் என்ற பதவியில் இருந்துகொண்டு இதையெல்லாம் நான் குறை சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

போன கேமில் ஒரு கடைத்தெரு வந்தது. தெருவில் போக வர யாராவது வேண்டும் என்று அண்ணி எங்கள் அப்பாவையே வரைந்துவிட்டார். பின்னால் கட்டிய கை, லேசாக இழுக்கும் வலது கால், முன்னால் தள்ளிய தொப்பை, எல்லாம் அச்சு அசல். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முடிவெட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், காலையில் கூட நடக்கிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல், "என் மருமக என்னை கேம்ல போட்டிருக்கா" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அண்ணியின் மேலதிகாரி போன் செய்தார். கடைசிச் சண்டைக்கு ஓர் அரக்கன் வேண்டும், சிறகு வைத்தவன், பெரியவன். கேமில் வரும் எல்லாருடைய படங்களும் கம்ப்யூட்டரில் தாள் என்று சொல்லும் ஒரே பெரிய படத்துக்குள் அடங்க வேண்டும், இன்னொரு தாள் சேர்த்தால் பழைய போன்களில் கேம் திணறும். "அந்தக் கிழவர எடுத்துடுங்க. அவர் சும்மாதானே நடக்கிறாரு?"

அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாமாகிட்ட வாயத் தொறக்காத. ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப இல்லன்னா, மனுஷன் வெளிய தல காட்ட மாட்டாரு." எனக்கு அந்த நிமிடம் அண்ணியை ரொம்பப் பிடித்தது. வழக்கம்போல் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஒரே நகர்த்தல்தான். கோழிகளைத் தாளின் ஒரு மூலையில் நெருக்கினார், மரங்களைப் பீப்பாய்களோடு ஒட்ட வைத்தார். மிச்சமிருந்த இடம் அரக்கனின் சிறகுக்கு அடியில்தான். அங்கே அப்பாவைக் கொண்டுபோய் வைத்து ஓடவிட்டபோது, "நான் இன்னிக்கு எப்படிம்மா இருக்கேன்?" என்று அப்பாவே வந்து நின்றார்.

நன்றாகத்தான் நடந்தார். ஆனால் அவருடைய கட்டத்துக்குள் சிறகு நுனி நுழைந்திருந்ததால் முதுகுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ ஆடியது.

"எனக்கு எதுக்கும்மா வாலு?" என்றார் அப்பா.

"இன்னும் முடியல மாமா, எடுத்துடறேன்" என்றார் அண்ணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அரக்கனைத்தான் வெட்டினார். சிறகைக் கட்டம் போட்டு எடுத்து உள்ளே மடக்கினார், தோளை இறக்கினார், தலையை ஒரு புள்ளி தாழ்த்தினார். ஒவ்வொன்றுக்கும் மூச்சு நின்று நின்று வந்தது.

மேலதிகாரி பார்த்துவிட்டு, "அரக்கன் என்னங்க, குனிஞ்ச மாதிரி இருக்கான்?" என்று கேட்டாராம்.

"பக்கத்துல பெரியவர் இருக்காருல்ல சார். மரியாதை."

அவர் சிரித்துவிட்டார். அப்பா பிழைத்தார்.

கேம் வெளியான அன்று அண்ணி போனை டிவியோடு இணைத்து அதைப் போட்டார். விளையாடியது நான். என் வீரன் கடைத்தெருவுக்குள் நுழைந்தான். சந்திலிருந்து அப்பா வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு. சோபாவில் இருந்த அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். டிவியில் இருந்த அப்பா நிதானமாக நடந்து திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது. "எங்க போயிட்டேன்?"

"அந்தப் பக்கம் போயிட்டீங்கப்பா. நான் இந்தப் பக்கம் போய் அரக்கனைக் கொல்லணும்" என்றேன்.

அண்ணி என் கையிலிருந்த போனை வாங்கினார். வீரனைத் திருப்பினார். அரக்கனை அங்கேயே காக்க விட்டுவிட்டு, பட்டனை மெல்ல மெல்லத் தட்டி, அப்பாவுக்கு ஓரடி பின்னால் அவனை நடக்க வைத்தார்.